அருமண்ணுன்னா நம்ம கடற்கரை கருமணலா? 14ஆ 15ஆ 17ஆ? யாராவது வெளக்குங்க

குழித்துறை அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க மோளு மார்த்தாண்டத்துல பிளஸ் டூ படிக்கா, சயின்ஸ் குரூப்பு. அவளுக்க புத்தகத்துல லாந்தனாய்டுன்னு போட்டிருக்கு, நீட் கோச்சிங்ல குடுத்த நோட்ல லாந்தனைடுன்னு இருக்கு, பேப்பர எடுத்தா ஒருத்தன் அரிய வகை தனிமம்ங்கான் இன்னொருத்தன் அருமண் தனிமம்ங்கான், எங்க வீட்டுல மலையாள சேனலும் ஓடும், அதுல அபூர்வ பௌம மூலகம்னு சொல்லுகாவ. இது எல்லாம் ஒண்ணுதானா இல்ல வேற வேறயா? எண்ணிக்கையும் ஒத்து வரல்ல, ஒரு எடத்துல 14, ஒரு எடத்துல 15, நியூஸ்ல 17. அவ எங்கிட்ட கேக்கா, நான் பி.காம் படிச்சவன், எனக்கு என்ன தெரியும்.

பிறவு இது எனக்க சொந்த சந்தேகம். மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரையில கருப்பா கெடக்குதுல்லா, அந்த மணலத்தான் அருமண்ணுன்னு சொல்லுகாவளா? எங்க பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சிட்டு இருக்கோம். அப்பிடின்னா கண்ணுக்கெட்டுன தூரம் கெடக்க சாதனத்த எப்பிடி அரியதுன்னு சொல்ல முடியும்? மோளுட்ட சொல்லிக் குடுக்கணும், அதனால சுருக்காம வெவரமா எழுதுங்க.

கெமிஸ்ட்ரி வாத்தியார், நாகர்கோவில்:

நல்ல கேள்வி, இத கிளாஸ்ல பிள்ளைங்க கேக்கவே மாட்டாங்க, மனப்பாடம் பண்ணிட்டு போயிருவாங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த "மண்". அது கடற்கரை மண்ணும் இல்ல தோட்டத்து மண்ணும் இல்ல. 1700கள்ல ஐரோப்பாவுல கெமிஸ்ட்ரி பண்ணுனவங்க "எர்த்"னு ஒரு ரகத்த தனியா வச்சிருந்தாங்க, எவ்வளவு சூடு காட்டுனாலும் மாறாது, தண்ணியில லேசுல கரையாது, பொடியா வெள்ளையா இருக்கும், அதுதான் எர்த். சுண்ணாம்பு, மக்னீசியா, அலுமினா எல்லாம் அந்த ரகம். லவாய்சியர் 1789ல போட்ட தனிமப் பட்டியல்லயே இந்த எர்த் எல்லாம் தனிமம்னுதான் இருக்கு, இதுக்குள்ள ஆக்சிஜன் ஒளிஞ்சிருக்கலாம்னு அவருக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஆனா பிரிச்சுக் காட்ட அன்னைக்கு வழியில்ல. 1808ல டேவி கரண்ட்ட விட்டு கால்சியம், மக்னீசியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் எல்லாத்தையும் உலோகமா பிரிச்ச பிறகுதான் எர்த்ங்கிறது உலோகத்தோட ஆக்சைடுன்னு உறுதியாச்சு. ஆனா பேரு போகல. உங்க மக பிளஸ் ஒன்ல "காரமண் உலோகங்கள்"னு ஒரு பாடம் படிச்சிருப்பா, அந்த மண்ணும் இந்த மண்ணும் ஒண்ணுதான். இத நான் கிளாஸ்ல சொன்னதும் அதுவரைக்கும் தலைய குனிஞ்சிட்டு இருந்த பிள்ளைங்க நிமிந்து பாப்பாங்க.

அடுத்து "அரிய". 1787ல ஸ்வீடன்ல இட்டர்பின்னு ஒரு ஊரு, அங்க குவாரியில அர்ரேனியஸ்னு ஒரு ராணுவ அதிகாரி கனமான கருப்புக் கல்லு ஒண்ண எடுத்தார் (இவர் காரில் ஆக்செல் அர்ரேனியஸ், நாம பாடத்துல படிக்கிற அர்ரேனியஸ் இல்ல, அவர் நூறு வருசம் பிந்துனவர்). 1794ல பின்லாந்துல இருந்த கடோலின் அந்தக் கல்ல ஆராஞ்சு இதுக்குள்ள இதுவரை பாக்காத புது எர்த் ஒண்ணு இருக்குன்னு சொன்னார், அதுதான் பிறகு இட்ரியான்னு ஆச்சு. 1803ல இன்னொரு கல்லுல இருந்து சீரியா, அதாவது சீரியத்தோட எர்த், கெடச்சது. அப்போ இது ரெண்டும் ஸ்வீடன்ல ஒண்ணு ரெண்டு எடத்துல மட்டுமே தெரிஞ்ச கல்லுல இருந்து வந்ததால அரிய எர்த்னு பேரு விழுந்துருச்சு. அன்னைக்கு தெரிஞ்ச அளவுக்கு அந்தப் பேரு சரிதான், அவங்கள குத்தம் சொல்ல முடியாது.

ஆனா உண்மையில இதுங்க அவ்வளவு அரியது கெடையாது. பூமியோட மேலோட்டுல சீரியம் கிட்டத்தட்ட செம்பு அளவுக்கு இருக்கு. இந்தக் கூட்டத்துலயே ரொம்ப கம்மின்னு சொல்ற தூலியம், லுட்டீசியம் கூட தங்கத்த விட நூறு மடங்குக்கு மேல இருக்கு. அபூர்வம்னு நெசமாவே சொல்லணும்னா புரோமீத்தியம் ஒண்ணத்தான் சொல்லணும், அது கதிரியக்கத்துல அழிஞ்சிட்டே இருக்கும், இயற்கையில இல்லாத மாதிரிதான், 1945ல அமெரிக்காவுல அணு உலைக் கழிவுல இருந்துதான் அத கண்டுபிடிச்சாங்க.

பிறகு ஏன் இத்தனை பாடு? பிரிக்கிறதுதான் பாடு. இந்தத் தனிமங்க எல்லாமே பெரும்பாலும் பிளஸ் மூணு அயனியா இருக்கும், லாந்தனத்துல 103 பிகோமீட்டர் (ஒரு மீட்டர்ல லட்சம் கோடியில ஒரு பங்குதான் ஒரு பிகோமீட்டர்) ஆரம்னா கடைசி லுட்டீசியத்துல 86, இடையில இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சராசரியா ஒண்ணு ஒண்ணரை பிகோமீட்டர்தான் வித்தியாசம். ஒரே வீட்டு அண்ணன் தம்பி பதினஞ்சு பேரு ஒரே சட்டைய போட்டுட்டு வரிசையில நிக்கிற மாதிரி, எவனத் தனியா கூப்பிடுவீங்க. அமெரிக்காவுல சார்லஸ் ஜேம்ஸ்ங்கிறவர் 1911ல சுத்தமான தூலியம் எடுக்க சுமார் 15,000 தடவ படிகமாக்கி படிகமாக்கி எடுத்தார். 15,000 தடவ! இன்னைக்கு கரைப்பான் முறையில தொடர்ச்சியா நூத்துக்கணக்கான கட்டங்கள்ல பிரிக்கிறாங்க, ஆசிட் செலவு, கழிவு, அதுலதான் காசு போகுது. ஆக எங்க கெடைக்கும்ங்கிறதுல தொடங்குன "அரிய"ங்கிற சொல்லு இப்போ சுத்தமா எடுக்கிற கஷ்டத்துக்கு வந்து நிக்குது.

மணவை கரை:

வாத்தியார் சார் எழுதுனது எல்லாம் சரி, கரையில இருக்க நான் மணலப் பத்தி சொல்லுகேன்.

அப்பா அண்ணே, நீங்க பாக்க கருப்பு மணல் அருமண் இல்ல. அந்த கருப்பு பெரும்பாலும் இல்மனைட்டு, அதுல இருக்கது இரும்பும் டைட்டானியமும், பெயிண்டுக்கு வெள்ள பவுடர் எடுக்கதுக்குத்தான் அது. செவப்பா மினுங்குதுல்லா அது கார்னெட்டு, உப்புத்தாள் கம்பெனிக்காரன் தேடுவான். பிறவு ரூட்டைல், சிர்க்கான், சில்லிமனைட்டு எல்லாம் கலந்து கெடக்கு. அருமண் இருக்கது மோனசைட்டுல, அது கருப்பே கெடையாது, தேன் நெறத்துல மஞ்சளா உருண்டையா பொடிசா இருக்கும், ஒரு கை மணல அள்ளி உள்ளங்கையில பரத்தி வெயில்ல சாச்சுப் பாத்தா அங்கொண்ணு இங்கொண்ணா தெரியும். மழக்காலத்துல கடல் கரைய அரிச்சிட்டுப் போவும்போ வெள்ள மணல் லேசு, போயிரும், கனமானது எல்லாம் கரையில தங்கிரும், அதனாலதான் சில நேரம் கரை முழுக்க மை கொட்டுன மாதிரி கெடக்கும்.

ஒரு காரியம் செஞ்சு பாருங்க. பழைய ஹார்டு டிஸ்க்குக்க உள்ள நல்ல பவரான காந்தம் ஒண்ணு இருக்கும், அது நியோடிமியம் காந்தம். அத ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு மணலுக்க மேல இழுத்தா இல்மனைட்டு கொத்துக் கொத்தா எந்திரிச்சு ஒட்டும், கவர உருவுனா பொலபொலன்னு விழும். அந்தக் காந்தத்துல இருக்க நியோடிமியம் வந்தது எதுல இருந்து, மோனசைட்டு மாதிரி கல்லுல இருந்து. அந்த மோனசைட்டு இந்தக் காந்தத்துல ஒட்டாம கீழ கெடக்கும், அதுக்க காந்த குணம் ரொம்ப லேசு, அத தூக்கணும்னா பிளான்ட்ல இருக்க பெரிய மெஷின்தான் வேணும். பாத்துட்டு மணல அங்கயே போட்டுருங்க, வீட்டுக்கு கட்டிட்டு வராதுங்க, மோனசைட்டுக்குள்ள தோரியமும் இருக்கு, அணுசக்தி சட்டத்துக்குக் கீழ வர சாதனம் அது.

எங்க ஊருக்க பேரு வெளிய தெரிஞ்சதே இந்த மோனசைட்டாலத்தான். 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், இங்கேந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டியிருந்த மணல்ல மினுமினுப்ப பாத்து, எந்த ஊரு மணல் இதுன்னு தேடிட்டு வந்துட்டார். அடுத்த ரெண்டு வருசத்துக்குள்ள மணவாளக்குறிச்சியில பிளான்ட். பிறவு கொல்லத்துப் பக்கம் சவறயிலயும் ஒண்ணு. அன்னைக்கு நாமளும் திருவிதாங்கூருதான, ரெண்டும் ஒரே ராஜ்யம், இப்பத்தான் நடுவுல பார்டர். அவருக்கு நியோடிமியமும் வேண்டாம் சீரியமும் பெருசா வேண்டாம், தோரியம்தான் வேணும், கேஸ் லைட்டுக்க மேன்டிலுக்கு. நம்ம கல்யாண வீட்டுல பெட்ரோமாக்ஸ் தொங்கும்லா, அந்த வலை தோரியம் ஆக்சைடு, கூட ஒரு சதமானம் சீரியம். மேன்டில கண்டுபிடிச்சது ஆஸ்திரியாவுல வெல்ஸ்பாக். அன்னைக்கு மோனசைட்டு உலகத்துக்கு பிரேசில்ல இருந்துதான் கூடுதல் போச்சு, அந்த கச்சவடத்த ஒடச்சது நம்ம கரைதான். இத எனக்க ஊருல நெறய பேருக்கு தெரியாது, தெரியணும்.

குழித்துறை அப்பா:

ரொம்ப நன்றி சார், மணவை தம்பிக்கும் நன்றி. ஞாயித்துக்கெழம மோள கூட்டிட்டு கரைக்குப் போறேன், ஹார்டு டிஸ்க் கடையில கேட்டு வாங்குதேன். 14, 15, 17 கணக்கு மட்டும் பாக்கி. அதோட இன்னொண்ணு, களியக்காவிளையில எனக்க கூட்டுக்காரர் ஒருத்தர், தோரியமும் அருமண்தான்னு சாதிக்காரு. அது சரியா?

செங்கோட்டை எம்எஸ்சி:

அண்ணா கணக்க நான் சொல்றேன், நான் ஆரியங்காவு தாண்டி கொல்லத்துல கெமிஸ்ட்ரி எம்எஸ்சி படிக்கேன், இந்த எண்ணிக்கையில நாங்களும் முட்டி மோதிட்டுத்தான் வந்தோம்.

லாந்தனத்துக்கு அடுத்து சீரியத்துல இருந்து லுட்டீசியம் வரைக்கும் எண்ணுனா 14. லாந்தனாய்டுன்னா லாந்தனம் மாதிரி இருக்கிறதுன்னுதான் அர்த்தம், அப்போ லாந்தனத்த அதுல சேக்கக்கூடாதுல்ல, அந்தக் கணக்குல 14. ஆனா லாந்தனத்தையும் சேத்துச் சொல்றதுதான் வழக்கமாயிருச்சு, ஐயுபாக்கும் (கெமிஸ்ட்ரி பேருகளுக்கு விதி போடுற உலக அமைப்பு) அத ஏத்துக்கிட்டு 57ல இருந்து 71 வரைக்கும் 15ன்னு வச்சிருக்காங்க. அந்த 15 கூட ஸ்காண்டியம் இட்ரியம் ரெண்டையும் சேத்தா 17, அதுதான் அருமண் உலோகம். ஆக 14க்கும் 15க்கும் பேரு லாந்தனாய்டு, 17க்கு பேரு அருமண், பரீட்சையில எது கேட்டிருக்கான்னு பாத்து எழுதச் சொல்லுங்க.

லாந்தனைடா லாந்தனாய்டாங்கிறதுக்கு, ஐடுன்னு முடிஞ்சா அது குளோரைடு ஆக்சைடு மாதிரி எதிர் அயனின்னு தோணும், அதுக்காக ஆய்டு நல்லதுன்னு ஐயுபாக் சொல்லுது, ஆனா ஐடும் ரொம்ப புழக்கத்துல இருக்கிறதால 2005 விதிப் புத்தகத்துல அதையும் விட்டுட்டாங்க. ரெண்டும் தப்பில்ல.

ஆனா ஒரு காலத்துல எத்தனை இருக்குன்னு யாருக்குமே தெரியாதுங்கிறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். மொசாண்டர் 1839ல சீரியாவுக்குள்ள இருந்து லாந்தனத்த எடுத்தார், 1841ல டிடிமியம்னு இன்னொரு தனிமம்னு சொன்னார், கிரேக்கத்துல இரட்டைன்னு அர்த்தம். நாப்பது வருசத்துக்கு மேல டிடிமியம் தனிமம்தான், அதுக்கு குறியீடு கூட இருந்துச்சு. 1885ல அதே வெல்ஸ்பாக் அத பிரிச்சு பிரசியோடிமியம் நியோடிமியம்னு ரெண்டா காட்டிட்டார். டிடிமியம் தனிமம் இல்லாம போச்சு, ஆனா கண்ணாடி ஊதுறவங்க போடுற கண்ணாடிக்கு இன்னைக்கும் டிடிமியம் கண்ணாடின்னுதான் பேரு. இந்த மாதிரி ஒவ்வொருத்தரும் புதுசு புதுசா அருமண் கண்டுபிடிச்சோம்னு சொல்லிட்டே இருந்தாங்க, பாதி கலவையா போச்சு. 1913, 14ல மோஸ்லி எக்ஸ்ரே வச்சு அணு எண்ண அளந்த பிறகுதான் லாந்தனத்துக்கும் லுட்டீசியத்துக்கும் நடுவுல இவ்வளவுதான் எடம், அதுல 61ஆம் எண் காலின்னு கணக்கு முடிஞ்சது. அந்த 61தான் வாத்தியார் சொன்ன புரோமீத்தியம். மோஸ்லி 1915ல 27 வயசுல போர்ல செத்துப் போயிட்டார், அந்த எடம் நெறஞ்சத அவர் பாக்கல.

கொழிஞ்சாம்பாறை வைண்டிங்:

வணக்கமுங்க. நான் பாலக்காடு பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கேன், பொள்ளாச்சியில இருந்தும் வேலை வருமுங்க. படிப்புல நீங்க சொல்றது சரிங்க, ஆனா கடைவீதியில ரேர் எர்த்னா அர்த்தமே வேறங்க. எங்க தொழில்ல ரேர் எர்த்னா காந்தம், அவ்வளவுதான். பழைய கருப்பு பெரைட் காந்தம் ஒரு பக்கம், நிக்கல் பூசி வெள்ளி மாதிரி வர்ற நியோடிமியம் காந்தம் ஒரு பக்கம், ரெண்டாவதுக்குத்தான் ரேர் எர்த்னு பேருங்க. அதுல நியோடிமியத்த விட இரும்புதான் எடையில ஜாஸ்தி, இருந்தும் பேரு ரேர் எர்த்துக்கு. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஹப் மோட்டார கழட்டுனா உள்ள வட்டமா பட்டை பட்டையா ஒட்டியிருக்கும், ஸ்டேட்டர வெளிய எடுக்கறப்ப கை கொஞ்சம் அசந்தா வெரல நசுக்கிரும், மரக்கட்டை குடுத்துத்தான் எடுப்பமுங்க.

2025 ஏப்ரல்ல சீனாக்காரன் ஏழு தனிமத்த ஏத்துமதி பண்ண லைசென்ஸ் வேணும்னு போட்டான் பாருங்க, சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். நியோடிமியம் அந்த லிஸ்ட்லயே இல்லைங்க. ஆனா மோட்டார் சூட்டுல காந்தம் பவர் எறங்காம இருக்க கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேக்கணும், அது சேந்த காந்தம் பூராம் மாட்டிக்கிச்சு. நியூஸ்ல 17ம் நின்னு போச்சுங்கற மாதிரி சொன்னாங்க. இன்னும் சில பேரு லித்தியம், கோபால்ட்டையும் ரேர் எர்த்துன்னே சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க, சொல்லு மாறிட்டுப் போகட்டுமேன்னு எனக்கு தோணுதுங்க. மனுசங்க பேசறதுதானுங்க அர்த்தம்.

கெமிஸ்ட்ரி வாத்தியார், நாகர்கோவில்:

வைண்டிங் தம்பி, காந்தத்துக்கு ரேர் எர்த்னு சொல்றத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், அதுக்குள்ள அருமண் இருக்கு. ஆனா லித்தியத்தையும் கோபால்ட்டையும் அதுல போடுறத ஒத்துக்க மாட்டேன். நாட்டுக்கு அவசியம், வெளியில இருந்து வரலன்னா தொழில் நின்னுரும்ங்கிறதுக்கு முக்கிய கனிமங்கள்னு வேற ஒரு சொல்லு இருக்கு, மத்திய அரசு 2023ல 30 முக்கிய கனிமங்கள்னு பட்டியல் போட்டுச்சு, அதுல லித்தியம், கோபால்ட், கிராஃபைட், செம்பு, பொட்டாஷ் எல்லாம் இருக்கு, அருமண் அதுல ஒரு வரி. அது வியாபாரத்தையும் காலத்தையும் பொறுத்து மாறுற பட்டியல். அருமண்ங்கிறது ஆவர்த்தன அட்டவணையில இருக்கிற எடத்தையும் குணத்தையும் பொறுத்தது. இத ரெண்டையும் குழப்புனா எங்க ஊர்ல எதுக்காக தோண்டுறாங்க, என்ன கழிவு வரும்னு ஜனங்க சரியா கேள்வி கேக்கக்கூட முடியாது. லித்தியம் எடுக்கிற எடத்துல தோரியக் கழிவு பிரச்சினை கெடையாது, மோனசைட்ல இருக்கு. சொல்லு துல்லியமா இருந்தாத்தான் கேள்வி துல்லியமா இருக்கும்.

அதே சமயம் சரி பேரு இருக்கட்டும்னு லாந்தனாய்டுன்னு மட்டும் வச்சுக்கலாம்னு சில பேரு சொல்வாங்க, அதுவும் ஆகாது. ஸ்காண்டியமும் இட்ரியமும் வெளிய நின்னுரும். இட்ரியத்தோட அணு எண் 39தான், ஆனா அயனி சைஸ் ஹோல்மியத்துக்கு பக்கத்துல வரும், அதனால கல்லுக்குள்ள கனமான அருமண்கள் (வரிசையில பின்பாதியில வர்றது) கூடவே ஒட்டிட்டு வரும், கனமான அருமண் கணக்குலயே சேப்பாங்க. தம்பி சொன்ன ஏழுல இட்ரியம் வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. நம்ம கரை மோனசைட்ல லாந்தனம், சீரியம், நியோடிமியம்னு லேசு வகைதான் ஏராளம், டிஸ்ப்ரோசியம் டெர்பியம் ரொம்ப கொஞ்சம். நம்மகிட்டதான் மணல் கெடக்கே அப்புறம் ஏன் சீனாகிட்ட கை ஏந்தணும்னு கேக்கிறவங்களுக்கு பதில்ல பாதி இதுல இருக்கு, மீதி பாதி பிரிக்கிற ஆலையும் காந்தம் செய்ற ஆலையும் இங்க கம்மிங்கிறது.

கொழிஞ்சாம்பாறை வைண்டிங்:

கழிவு விசயம் நான் யோசிக்கலைங்க சார். அதுல நீங்க சொல்றது சரிதானுங்க. காந்தத்துக்கு மட்டும் நாங்க அப்படியே சொல்லிக்கறமுங்க.

செங்கோட்டை எம்எஸ்சி:

அப்பா அண்ணா, உங்க கூட்டுக்காரர் கேள்வி விட்டுப் போச்சு. இன்னைக்கு கணக்குல தோரியம் அருமண் இல்ல, அதோட அணு எண் 90, லாந்தனாய்டுக்கு அடுத்த கீழ் வரிசையான ஆக்டினாய்டுல வரும். ஆனா அவர் சொல்றது ஆதாரம் இல்லாத பேச்சும் இல்ல. 1800கள்ல தோரியாவையும் சிர்க்கோனியாவையும் கூட அரிய எர்த்னே எண்ணிட்டு இருந்தாங்க, அப்போ ஆக்டினாய்டுங்கிற வரிசையே யாருக்கும் தெரியாது. 1940கள்ல சீபோர்க் அந்த வரிசைய தனியா அட்டவணைக்குக் கீழ கொண்டு வந்து வச்ச பிறகுதான் தோரியத்துக்கு இப்போ இருக்கிற எடம் உறுதியாச்சு. நம்ம ஊர்ல ரெண்டும் ஒரே மோனசைட்ல இருந்து வர்றதால சேத்தே பேசுற பழக்கம் இன்னும் இருக்கு. 1950ல மத்திய அரசும் திருவிதாங்கூர் கொச்சியும் சேந்து தொடங்குன கம்பெனிக்கு இந்தியன் ரேர் எர்த்ஸ்னு பேரு, ஆலுவாவுல மோனசைட்ட ஒடச்சப்போ தோரியமும் அதே கம்பெனி கையிலதான். இப்போ அது ஐஆர்இஎல்னு எழுத்தாவே ஆயிருச்சு.

சட்டம் ரெண்டையும் கறாரா பிரிச்சிருக்கு. 2023ல கனிமச் சட்டத்த திருத்துனப்போ முக்கிய கனிமங்கள் பிரிவுல அருமண் வகைன்னு சேத்தாங்க, ஆனா கூடவே யுரேனியமும் தோரியமும் இல்லாததுன்னு ஒரு நிபந்தனை போட்டாங்க. அதனால வேற மாநிலத்துல பாறையில இருக்கிற அருமண் ஒரு பக்கம், தோரியத்தோட வர்ற நம்ம கரை மோனசைட்டு அணுக் கனிமம்னு இன்னொரு பக்கம்.

குழித்துறை அப்பா:

வெளங்கிச்சு, எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து மோளுக்க கையில குடுத்திருக்கேன். கூட்டுக்காரருக்கும் அனுப்பியாச்சு, பழைய கணக்குல தான் சொன்னது சரின்னு அவருக்கு சந்தோசம். மோளு ஒண்ணு கேக்கச் சொன்னா, பரீட்சையில அருமண் எத்தனைன்னு கேட்டு ஆப்ஷன்ல 15ம் 17ம் ரெண்டும் இருந்தா எத போடணும்?

கெமிஸ்ட்ரி வாத்தியார், நாகர்கோவில்:

அருமண்ன்னு கேட்டா 17. லாந்தனாய்டுன்னு கேட்டு 14ம் 15ம் இருந்தா, கேள்வியில "லாந்தனத்தைத் தொடர்ந்து வரும்"னு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, இருந்தா 14, லாந்தனம் முதல் லுட்டீசியம் வரைன்னு இருந்தா 15.